மரநாய்க்கு நான் எடுத்த உயிரியல் வகுப்பு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முப்பத்தெட்டு வயதில் நான் ஒரு தெர்மாகோல் சீலிங்கைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அடுத்தவன் கார், பங்களா, பதவி என்று பொறாமைப்படுகிறவர்களிடம் ஒரு கௌரவம் இருக்கிறது. நான் பட்டது, மாமனார் வீட்டு அறையொன்றில் அலுமினியச் சட்டம் அடித்து அதில் செருகி வைத்திருந்த வெள்ளை அட்டைகளைப் பார்த்து. (நடுவில் ஒரு அட்டையில் பூப் போட்ட டிசைன் வேறு. நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.)

மாமனார் வீடு அச்சன்புதூரில் இருக்கிறது. பழைய ஓட்டு வீடு, பின்னால் தோப்பு, பக்கத்தில் ஓட்டின் மேல் கிளை போட்டு நிற்கும் ஒரு பலாமரம். எனக்குத் தென்காசியில் பள்ளிக்கூட வேலை, உயிரியல் வாத்தியார். எட்டு வருடமாக அந்த வீட்டுக்கு நான்தான் ஒரே மாப்பிள்ளை. கோழி அடித்தால் தொடைக்கறி எனக்கு. மேற்கு ஜன்னல் வைத்த பெரிய அறை எனக்கு. சாரல் காலத்தில் அந்த ஜன்னலைத் திறந்தால் குற்றாலத்து மலை தெரியும், தூவானம் கட்டில் வரை வரும். மாமியார் என்னிடம் நேராகப் பேசவே மாட்டார், அவ்வளவு மரியாதை. நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். "மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு இட்லி வைட்டி" என்று என் மனைவி செல்வியிடம் சொல்வார்.

இந்த ராஜ்ஜியத்துக்கு முடிவு வந்தது கொழுந்தியாள் கோமதியின் கல்யாணத்தோடு. மாப்பிள்ளை பட்டாளத்தில் இருந்தார், பெயர் முத்துராஜ். வைகாசியில் கல்யாணம். லீவு மிச்சமிருந்ததால் ஆனிச் சாரலுக்குப் பத்து நாள் மாமனார் வீட்டில் தங்க வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நாங்களும் போனோம். (நோய் இருந்தது உண்மை. டாக்டரால் கண்டுபிடிக்க முடியாத நோய்.)

போய்ப் பார்த்தால் என் அறையில் அவர்கள் பெட்டி இருக்கிறது. என்னுடைய மேற்கு ஜன்னலுக்குப் புதுத் திரைச்சீலை. மேலே அந்த சீலிங். எட்டு வருடம் நான் அதே கட்டிலில் மல்லாந்து படுத்து ஓட்டையும் ஒட்டடையையும் எண்ணிக்கொண்டிருந்தபோது யாருக்கும் சீலிங் நினைப்பு வரவில்லை. எங்களுக்குக் கொடுத்தது நெல் மூட்டை வைக்கிற பக்கத்து அறை.

சரி, ஆளாவது கர்வம் பிடித்தவராக இருந்தால் நிம்மதியாக வெறுக்கலாம். அதற்கும் வழியில்லை. சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைத்தார். விடியுமுன் எழுந்து ஓடிவிட்டு வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். மாமாவின் செருப்பில் அறுந்திருந்த வாரை உட்கார்ந்து தைத்தார். எட்டு வருடத்தில் நான் அந்த வீட்டில் தூக்கிய அதிகபட்ச கனம் காபி டம்ளர். மாமியார் அடுக்களையில் நின்று, "தங்கமான பிள்ளை" என்று சொன்னது என் காதில் விழுந்தது. நான் என்ன, பித்தளையா?

மூன்றாம் நாள்தான் எனக்கு ஒரு நல்ல செய்தி வந்தது. கோமதி முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து, "அம்மா, ரூம்ல ஒரு மாதிரி வாடை அடிக்கி. மேல தடதடன்னு என்னமோ ஓடுது" என்றாள். எல்லோரும் போய் முகர்ந்து பார்த்தோம். முதலில் பாசுமதி அரிசி வடித்த வாசம் மாதிரி ஒன்று, அதற்கடியில் மூக்கைப் பிடுங்குகிற நாற்றம். சீலிங் அட்டையின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கறை. பூ டிசைனுக்குப் பக்கத்திலேயே. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"மரநாய்" என்றார் மாமா. "பலாமரம் வழியா ஓட்டுக்குள்ள வந்திருக்கு. சீலிங்குக்கும் ஓட்டுக்கும் நடுவுல மெத்து மெத்துன்னு எடம் கெடச்சிட்டு."

கூண்டு வைத்துப் பிடிக்கலாம் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. காரணம் இருந்தது. இரண்டு வருடம் முன்பு எதிர் வீட்டில் கூண்டு வைத்து ஒரு மரநாயைப் பிடித்துக் கொண்டுபோய் மலையடிவாரத்தில் விட்டுவிட்டார்கள். அது தாய். பரணில் கிடந்த குட்டிகள் பாலில்லாமல் கத்திக் கத்திச் செத்துப்போயின. அந்தச் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. என் மாமியார் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அடித்தால் வனத்துறை கேஸ் என்பது வேறு. ஆக, மாமியாரின் உத்தரவு தெளிவாக வந்தது: "பிடிக்கப்படாது, அடிக்கப்படாது. அதுவா எந்திரிச்சுப் போகணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள போகணும்."

ஞாயிற்றுக்கிழமை முத்துராஜின் அம்மாவும் அப்பாவும் விருந்துக்கு வருகிறார்கள். சம்பந்தி வீட்டார் முதல் தடவை வரும்போது மகனும் மருமகளும் படுக்கிற அறை இப்படி நாறினால் மாமியார் ஊரில் தலை காட்ட முடியாது.

முத்துராஜ் மெதுவாக, "அத்தை, நான் வேணா பாக்கேன். எங்க கேம்ப்ல இப்படி ஒரு தடவ வந்திருக்கு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இந்த மரநாயையும் இவர் கிளப்பிவிட்டால் அந்த வீட்டில் என் கதை முடிந்தது. அறை போயிற்று, தொடைக்கறியில் பாதி போயிற்று, மிச்சம் இருப்பது 'விஷயம் தெரிந்த மாப்பிள்ளை' என்ற பெயர் ஒன்றுதான். "தம்பி, நீங்க புது மாப்பிள்ளை, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? நான் சயின்ஸ் வாத்தியார், நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். மாமாவும் தலையாட்டிவிட்டார். (மரநாயைப் பற்றி எனக்குத் தெரிந்தது அதன் பெயரும், அது பாலூட்டி என்பதும்.)

போனில் வீடியோ பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரர் சொன்னார்: வெளிச்சம், பேச்சுச் சத்தம், மனித வாடை, இந்த மூன்றும் விலங்குக்கு ஆகாது. தொந்தரவு தாங்காமல் தானே காலி செய்துவிடும். வாடைக்கு, வியர்த்த துணி போதும். எனக்குக் குளுகுளுவென்றிருந்தது. வியர்த்த துணிக்கா நம்மிடம் பஞ்சம்?

செல்வியிடம் சொன்னேன். அவள் மாமியாரிடம் சொன்னாள். மாமியார் அடுக்களையிலிருந்து, "அப்படின்னா சின்ன மாப்பிள்ளை ஓடிட்டு வந்து கழத்திப் போட்ட பனியன எடுத்துப் போடச் சொல்லு. பட்டாளத்து வாடைக்கு அது நிக்காது" என்றார்.

பாருங்கள், வியர்வையில்கூட அவர்தான் உசத்தி. மத்தியானம் தெருவை நாலு சுற்று வேகமாக நடந்தேன். நாலு பனியன் மாற்றினேன். நெல் அறையின் மேலே ஓட்டுக்கடியில், அடுத்த அறை சீலிங்குக்கு மேலே போக ஒரு ஆள் நுழைகிற வழி இருந்தது. ஏணி போட்டு ஏறி, நாலு பனியனையும் அதன் வழியாக உள்ளே வீசினேன். இருநூறு வாட் பல்பு ஒன்றையும் தொங்கவிட்டேன்.

மறுநாள் காலை முத்துராஜ் பலாமரத்துப் பக்கம் ஓட்டு விளிம்பில் கோலமாவு தூவி வைத்திருந்ததைப் பார்த்தேன். அதில் சின்னச் சின்னக் கால் தடம். "அண்ணாச்சி, ஒத்த தடந்தான் போகுது, வருது. ஆனா உள்ள கீச்சுகீச்சுன்னு கேக்கு. குட்டி இருக்கும் போல" என்றார். "அவசரப்படுத்தாம ஒரு வெளக்கு மட்டும் போட்டு, இந்த ஒரு வழிய மட்டும் தெறந்து விட்டா, தாயே வேற எடம் பாத்து ஒண்ணொண்ணாத் தூக்கிட்டுப் போயிரும். நாலஞ்சு நாளாகும். எல்லாம் போன பொறவு அடச்சுக்கிடலாம்."

அவ்வளவும் சரி. பத்தாம் வகுப்பில் நானே 'தாய்மைப் பராமரிப்பு' என்று நடத்துகிற பாடம். ஆனால் சொன்னது அவர். அதனால், "அதெல்லாம் உங்க கேம்ப் மரநாய் தம்பி. இது வேற" என்றேன். நல்லவேளை, எப்படி வேறு என்று அவர் கேட்கவில்லை.

இனி பாக்கி இருப்பது பேச்சுச் சத்தம். வீடியோவில் ரேடியோ போதும் என்றுதான் சொன்னார்கள். எனக்கு ரேடியோ போதவில்லை. முத்துராஜ் ஒரு பிடி கோலமாவில் செய்ததை நான் பெரிதாக ஏதாவது வைத்துத்தானே தாண்ட வேண்டும்? எங்கள் பக்கம் கோவில் கொடைத் திருவிழாவுக்குக் கட்டுகிற மைக் செட் இருக்கிறதே, அந்த மைக்செட்காரரைக் கூப்பிட்டுவிட்டேன். சீலிங்குக்கு மேலே ஒரு குழாய் ஸ்பீக்கரைக் கட்டச் சொன்னேன். அந்த மனுஷருக்கு ஒற்றைக் குழாய் கட்டிப் பழக்கமில்லை. கை அரிப்பில் இன்னொன்றை வாசல் வேம்பிலும் கட்டிவிட்டுப் போய்விட்டார். அது எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு நெல் மூட்டை மேல் உட்கார்ந்து மைக்கைப் பிடித்தேன். என்ன பேசுவது? தெரிந்ததைத்தானே பேச முடியும். "மாணவர்களே" என்று ஆரம்பித்து ஒளிச்சேர்க்கையை நடத்தினேன். பச்சையம் முடிந்தது. இலைத்துளை முடிந்தது. வேர் வழியாக நீர் ஏறுவது வரை வந்துவிட்டேன். மேலே சத்தமே இல்லை.

"போயிட்டு" என்றேன் செல்வியிடம்.

"போகல, தூங்குது. ஒங்க பாடத்துக்குப் பத்தாங்கிளாஸ் பயலுவளே தூங்குதானுவ, அது தூங்காதா?" என்றாள். "இதுல தெருவே கேட்டுட்டு நிக்கி. எதிர் வீட்டுப் பிள்ள நோட்டு எடுத்துட்டு இருக்கா."

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். கூடத்தில் முத்துராஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பி நின்றது கதவிடுக்கில் தெரிந்துவிட்டது. அவ்வளவுதான், மைக்கைக் கையில் பிடித்தபடியே ஏணியில் ஏறி, அந்த வழியாக உள்ளே தலையை நுழைத்தேன்.

விட்டத்தின் மேல் தவழ்ந்து போனேன். கீழே இரண்டு பக்கமும் வெள்ளை அட்டை. விட்டத்தை விட்டுக் காலெடுத்தால் கீழே போய்விடுவோம் என்று நன்றாகத் தெரியும். பல்பு வெளிச்சத்தில் மூலையைப் பார்த்தேன். என் நாலு பனியனையும் வட்டமாகச் சுருட்டி மெத்தை செய்து, அதற்குள் நாலு குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. மனித வாடை ஆகாதாம். என் வாடையில் தாய் தன் குட்டிகளைத் தூங்கவைத்திருக்கிறது. முத்துராஜ் பனியனாக இருந்திருந்தால் ஓடியிருக்குமோ என்று அந்த நிலைமையிலும் ஒரு கணம் நினைத்தேன் என்றால், என் நோய் எவ்வளவு முற்றியிருந்தது பாருங்கள்.

தாய் அவற்றுக்குப் பின்னால்தான் இருந்தது. என்னைப் பார்த்தது. சீறியது. நான் வாலைப் பார்த்தபோது அது திரும்பிவிட்டிருந்தது. மரநாய்க்குப் பயம் வந்தால் பின்பக்கத்திலிருந்து ஒரு திரவத்தைப் பீய்ச்சும் என்பது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. நெற்றியிலிருந்து நெஞ்சு வரை விழுந்தது. செத்த எலியையும் அழுகின முட்டையையும் சேர்த்து அரைத்தால் அதில் பாதி வரும். கண் தெரியவில்லை. பின்னால் போவதாக நினைத்துப் பக்கத்தில் போனேன்.

"ஐயோ, அத்தை" என்று நான் கத்தியது மைக்கில் போயிற்று. வேம்பிலிருந்த குழாய் அதை அச்சன்புதூர் பஸ் ஸ்டாப் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. சரியாகப் பூ டிசைன் அட்டையைப் பிளந்துகொண்டு, புதுத் தம்பதியின் கட்டிலில், புதுப் போர்வையின் மேல் மல்லாந்து விழுந்தேன். மேலே, எட்டு வருடமாக நான் பார்த்துப் பழகிய அதே ஓடு தெரிந்தது.

எழுந்து வாசலுக்கு ஓடினேன். அங்கே ஒரு கார் நின்றது. முத்துராஜின் அம்மாவும் அப்பாவும் பழக்கூடையோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் முன்கூட்டியே வந்துவிட்டார்கள். அந்த அம்மாள் என்னை ஒரு தடவை பார்த்தார், மூக்கில் முந்தானையை வைத்தார், மறுபடி காருக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அப்போது என் மாமியார் வெளியே வந்தார். எட்டு வருடமாக என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசாத மாமியார்.

"ஏ கூறுகெட்ட மூதி" என்றார். "சின்ன மாப்பிள்ளைதான் நாலு நாள் பொறுக்கச் சொன்னாவள்ளா? அந்தச் சீவன் பிள்ளையள வச்சிக்கிட்டு ஒரு மூலையில கெடக்கு. அதுகிட்டப் போயி பாடம் நடத்துதியா? அங்கனயே நில்லு. உள்ள காலெடுத்து வச்ச, தொடப்பம் பிஞ்சிரும். ஏட்டி செல்வி, சீயக்காய எடு."

தெருவில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். மாட்டுத்தொட்டிப் பக்கம் என்னைக் குனியச் சொல்லி, அவரே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையில் சீயக்காயும் தயிரும் அப்பித் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க ஏசினார். முத்துராஜ் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். கண்ணை மூடிக் குனிந்து நின்றேன். எல்லாம் போயிற்று என்று தெரிந்தது. நாற்பதை நெருங்கின ஒரு வாத்தியார், சம்பந்தி முன்னால் மூதி ஆகிவிட்டேன். அழுகை வந்தது. சீயக்காய் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஐந்து தடவை தேய்த்தும் நாற்றம் போகவில்லை. மாமா, "அருவியில கொண்டு நிறுத்தினாத்தான் போகும்" என்றார். வாழைத்தார் ஏற்றுகிற மினி லாரியில் பின்னால் ஏற்றினார்கள். டிரைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கூட யார் வருவது என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், செல்வி உட்பட. முத்துராஜ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். மூக்கைக்கூடப் பொத்தவில்லை. இதிலும் ஜெயிக்கிறானே பாவி என்று பல்லைக் கடித்தேன்.

குற்றாலத்து ஐந்தருவியில் சனிக்கிழமைச் சாரல் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தலை நனைக்கவே முக்கால் மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டும். நாங்கள் போனோம். வரிசை விலகியது. எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் விலகினார்கள். விசில் ஊதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டு, கையாலேயே வழி காட்டினார். ஐந்தருவியில் ஒரு முழு அருவியைத் தனக்கென்று வைத்துக் குளித்தவன் அந்தச் சீசனில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தண்ணீர் மண்டையில் இடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற முத்துராஜ் என் காதுக்கருகே வந்து, "அண்ணாச்சி, ஒங்களப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு" என்றார்.

தெளிவாகக் கேட்டது. ஆனாலும், "என்னது?" என்றேன்.

"பொறாமையா இருக்குன்னேன்."

"அருவிச் சத்தம் தம்பி. இன்னொரு தடவ சொல்லுங்க."

மூன்றாவது தடவையும் சொல்ல வைத்தேன். பிறகு, எதற்கு என்று கேட்டேன்.

"நான் வந்து ஆறு நாளாச்சி. நான் தும்முனாக்கூட அத்தை எந்திரிச்சு நிக்காவ. யாரும் சாதாரணமாப் பேச மாட்டுக்காவ. நானா ஏதாச்சும் வேல செஞ்சா, செய்யக் கூடாதுங்காவ. ஒங்களத் தலையைப் பிடிச்சு அழுத்தி, பெத்த மவன ஏசுத மாதிரி ஏசுதாவ. எங்க அம்மா என்னை அப்படித்தான் ஏசுவா. பட்டாளத்துக்குப் போன பொறவு அவளும் 'வாங்க, சாப்பிடுங்க'ன்னு ஆயிட்டா."

அவர் கண் சிவந்திருந்தது. அருவித் தண்ணீராகவும் இருக்கலாம். எனக்கு அவர் மேல் பாவமாக இருந்தது, சத்தியம். ஆனால் பாவத்துக்கு முன்னாலேயே சந்தோஷம் வந்துவிட்டது. அவர் தோளில் கை போட்டு, "அதெல்லாம் வந்ததும் கெடச்சிருமா தம்பி? எட்டு வருஷம் ஆகும்" என்றேன்.

அன்று விருந்து தோப்பில் நடந்தது. சம்பந்தி அம்மாள் காரிலிருந்து இறங்கிவந்து, காற்றோட்டமாக இருக்கிறது என்று இரண்டு தடவை சாதம் வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு நாலு மரம் தள்ளி இலை போட்டார்கள்.

முத்துராஜ் சொன்னபடிதான் பிறகு எல்லாம் நடந்தது. மைக் செட் இறங்கியது. நாங்கள் யாரும் அந்த அறைப் பக்கம் சத்தம் போடவில்லை. ஒரு பல்பும் ஒரு திறந்த வழியும். நாலாம் நாள் பொழுது சாய்கிற நேரத்தில் தாய் ஒரு குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு ஓட்டு விளிம்புக்கு வந்தது. வீடே முற்றத்தில் மூச்சுவிடாமல் நின்றது. பலாக்கிளை வழியாக இறங்கித் தோப்புக்குள் போய், திரும்பி வந்தது. மாமியார் ஒவ்வொன்றாக விரல் மடக்கினார். நாலாவது போன பிறகுதான் முத்துராஜ் ஏறி, உள்ளே ஒன்றும் இல்லை என்று பார்த்து, கம்பி வலை அடித்தார். திரும்ப வரும்போது நாலு பனியனையும் கம்பில் தூக்கிக்கொண்டு வந்தார்.

இதெல்லாம் நடந்து ஆறு வருடமாகிறது. அந்த வீட்டில் யாராவது பாசுமதி அரிசி வடித்தால் கோமதி மூக்கை உறிஞ்சி, "அத்தான் வந்துட்டாவளா?" என்று கேட்பாள். தோப்பில் மரநாய் ஓடினால் என் பிள்ளைகளிடம், "அந்தா போறாம்பாரு, ஒங்க அப்பாட்ட படிச்ச பய" என்பார் மாமா. நானும் சிரிப்பேன். மாமியார் என்னை இப்போது எதற்கும் ஏசுகிறார், நேராக, முகத்தைப் பார்த்து. அந்த உரிமை எனக்கு மட்டும்தான் என்று காலரைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

போன சாரலுக்கு முத்துராஜ் லீவில் வந்தார். டிராக்டரைப் பின்னால் எடுக்கிறேன் என்று, களத்தில் காயப்போட்டிருந்த மோர் மிளகாய்ப் பாயின் மேல் ஏற்றிவிட்டார். இரண்டு பாய், மொத்தமும் சட்னி. மாமியார் அடுக்களையிலிருந்து ஓடிவந்தார். "ஏ கூறுகெட்ட மூதி, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? துப்பாக்கிய எப்படிடா ஒன் கையில நம்பிக் குடுத்தானுவ?" என்று ஆரம்பித்தவர், மாடு கறக்கிற நேரம் வரை நிறுத்தவில்லை. முத்துராஜ் தலையைக் குனிந்து நின்று, யாருக்கும் தெரியாமல் என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

எட்டு வருடம் ஆகும் என்று நான் சொன்னது அவருக்கு ஆறே வருடத்தில் கிடைத்துவிட்டது. அதுவும் எனக்கு விழுந்ததைவிட நீளம். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.